பெயர் வைக்காத பிள்ளை

எழுமலைக்காரன் தங்கப்பாண்டி சண்டைக்குப் போகாதவன். ஊரில் பங்காளிகள் வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டபோதும், கோரிப்பாளையத்து மாடியறையில் உட்கார்ந்து, பிறந்து நாலு வருஷமே ஆன ஒரு கணினி மொழிக்குச் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தான். மொழியோடு கூடவே வரும் ஆயத்தக் கட்டளைகளை, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு எளிதாக்கித் தருவது அவன் வேலை.

அழிக்கும் கட்டளையைத் திருத்தியவன் அவன்தான். ஃபோல்டரின் பெயரைச் சொன்னால் அது அழியும். பெயரைக் காலியாக விட்டால் எல்லாமே அழியும். எவ்வளவு வசதி என்று பல நாட்டுக்காரர்கள் மெச்சினார்கள்.

அந்த வசதியை வைத்தே, கீழே ஸ்டுடியோ நடத்திய சேக்காளி மருதுவுக்குப் படங்களைப் பெயர்வாரியாகச் சேமிக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு கைக்குழந்தையைப் படமெடுக்க வந்தார்கள். குலசாமி கோயிலில் மொட்டை போடும்வரை பிள்ளைக்குப் பெயர் வைக்காத குடும்பம். மருதுவும் மரியாதையாகப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டான். படங்களைக் கொடுத்து முடித்ததும் ‘அழி’யை அழுத்தினான். பெயர் வைக்காத பிள்ளையோடு பெயர் வைத்த அத்தனை பேரும் போனார்கள்.

போனவர்களில் கொட்டாம்பட்டி மலையாண்டியின் அப்பாவும் உண்டு. மகன் கல்யாணத்தில் ஆடித் தீர்த்தவர், மறுமாதமே லாரியில் அடிபட்டுச் செத்தார். அவர் நடமாடுகிற படம் அந்தக் கல்யாண வீடியோ ஒன்றுதான். தொழில் தர்மப்படி மருது அதை “அடுத்த வாரம் தாரேன்ணே” என்றே இழுத்தடித்திருந்தான்.

மலையாண்டி இரண்டு மச்சினர்களோடு வந்தான். முதலில் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. பிறகு மருதுவின் முகம் மேசையில் மோதியது. முன்பற்கள் இரண்டு தெறித்தன.

“எங்கப்பன எத்தன தடவடா சாகடிப்பீங்க?”

சத்தம் கேட்டுத் தங்கப்பாண்டி இறங்கி வந்தான். ரத்தம் ஒழுகும் வாயோடு மருது அவனைக் கைகாட்டினான். “நான் பட்டன அமுக்குனேன், அம்புட்டுத்தான்ணே. எழுதுனவன் அந்தா நிக்கிறான்.”

“அண்ணே, பேரு காலியா இருந்தா எல்லாம்னு அர்த்தம்ணே. ஒரு வசதிக்காக…”

“வசதியா?” மலையாண்டி இரும்புக் கேமரா ஸ்டாண்டைத் தூக்கினான். “எந்தக் கையிடா எழுதுச்சு?”

இரண்டும் என்பதே உண்மை. ஆனால் பயத்தில் தங்கப்பாண்டி வலதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான், அதுவே வாக்குமூலமாயிற்று. மச்சினர்கள் விலக்குவதற்குள் மணிக்கட்டு எலும்பு தோலைக் கிழித்து எட்டிப்பார்த்தது. அடித்தவன் கண்ணாடித்தூள்மேல் உட்கார்ந்து, அடிபட்டவனைவிடச் சத்தமாக அழுதான்.

மாவுக்கட்டோடு, இடது கையின் ஒற்றை விரலால் தங்கப்பாண்டி மொழிக் குழுவுக்கு எழுதினான்: பெயர் இல்லாவிட்டால் எதையும் அழிக்கக் கூடாது. எல்லாவற்றையும் அழிக்கத் தனிக் கட்டளை வேண்டும். அதன் பெயர் எழுதும்போதே கை வலிக்கிற அளவு நீளமாக இருக்கட்டும்.

யாரோ கண்ணியமாகக் கேட்டார்: “இருக்கிற வசதியைக் குறைக்கிறீர்களே, இதனால் நடைமுறையில் யாருக்காவது பாதிப்பு உண்டா?”

மாவுக்கட்டைப் படமெடுத்துப் போட்டான். அதன்பின் விவாதமே நடக்கவில்லை.

இப்போது பெயரைக் காலியாக விட்டால் அந்த மொழி நின்றுவிடுகிறது. அப்போது திரையில் வரும் வரியையும் தங்கப்பாண்டியே எழுதினான்: “பெயர் சொல்லவில்லை. யார் மேலும் கை வைக்கமாட்டேன்.”