கண்ணில் கடுகளவு வெளிச்சம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. இது எனக்கே நடந்தது. அதுவும் நடு ராத்திரியில் இல்லை, மாலை நான்கு பத்துக்கு. பேய்க்கு ராத்திரி வேண்டும் என்று யார் சொன்னது? இருட்டு இருந்தால் போதும். எங்கள் கடையில் ஜன்னலே இல்லாத அறை ஒன்று உண்டு.

கடையை நானும் என் அக்காவும் நடத்துகிறோம். போட்டோவைப் பார்த்து அக்கா, வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் தகட்டில் செதுக்குவாள். நான் அதற்கு மெல்லிய சட்டம் போட்டு, பின்னால் விளக்கு வைப்பேன். விளக்கில்லாமல் பார்த்தால் தகடு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். விளக்கைப் போட்டால் உள்ளிருந்து படம் எழுந்து வரும். தகடு தடித்த இடம் இருட்டு, மெலிந்த இடம் வெளிச்சம், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒருமுறை சுரண்டினால் சுரண்டியதுதான். திரும்ப ஒட்ட முடியாது.

அக்காவுக்கு இரண்டு பழக்கங்கள். கொண்டுவரும் போட்டோ மேலேயே பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் எழுதுவாள். வேலை முடிந்ததும் அழித்துத் தருவாள். முகம் சுளிக்காத வாடிக்கையாளர் இல்லை, ஆனாலும் அவள் விட்டபாடில்லை.

இன்னொன்று, கண். படத்தில் இருப்பவர் இறந்தவர் என்றால், கருவிழிக்குள் கடுகளவு இடத்தை மெலிதாகச் சுரண்டிவிடுவாள். விளக்கு போட்டதும் அந்தக் கண் மினுங்கும். உயிரோடு இருப்பவர்களுக்குச் சுரண்ட மாட்டாள். ஏன் என்று கேட்டால், "இருக்கறவங்க கண்ணுல வெளிச்சம் தானா வரும். போனவங்களுக்கு நாமதான் போடணும்" என்பாள்.

அன்று திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபது. அக்கா வெளியே போயிருந்தாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடும் இடத்தில் வேலையாம். தலை, புருவம், சட்டை எல்லாம் தூசி. எங்கள் கடையில் நாங்களே மாவு மில்லில் இருந்து வந்தவர்கள் மாதிரிதான் இருப்போம். தூசியோடு வந்தவரை நான் ஏன் உற்றுப் பார்க்கப் போகிறேன்? இருமல் மட்டும் நினைவிருக்கிறது. வறட்டு இருமல். தொண்டையில் கல் உருளுவதுபோல.

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். அப்பா, அம்மா, நடுவில் அவர். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவருடைய படத்தை அப்போதும் எங்களிடம்தான் செய்திருந்தார்கள். அதனால் வந்தவரின் அம்மாவுக்குக் கண்புள்ளி விஷயம் நன்றாகத் தெரியும்.

"அம்மா வந்து வாங்கிப்பாங்க. அப்பாவுக்குப் புள்ளி வைங்க. எனக்கு வேண்டாம்" என்றார்.

நான் சிரித்தேன். உயிரோடு இருப்பவருக்கு எப்படி வைப்போம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா பார்க்கும்போது என் கண்ணு இருட்டா இருக்கணும். அது போதும்."

போகும்போது மறுபடியும் அதையே சொன்னார். குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கிற மனிதர் இதை ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டும்? அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

அக்கா எட்டு நாளில் செதுக்கி முடித்தாள். அடுத்த செவ்வாய் மாலை, தகட்டைச் சட்டத்தில் பொருத்தி இருட்டறைக்குக் கொண்டுபோனேன். கதவைச் சாத்தினேன். விளக்கைப் போட்டேன். மணி நான்கு பத்து.

அப்பாவின் கண்கள் மினுங்கின. சரி. அம்மாவின் கண்கள் இருட்டு. சரி.

மகனின் கண்களும் மினுங்கின.

எனக்குக் கோபம்தான் வந்தது. வேலை கெட்டதே என்று அக்காவிடம் கத்தினேன். அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்தாள். அந்தக் கண்ணில் ஊசியே வைக்கவில்லையாம். தடிமன் பார்க்கும் கருவியை வைத்தாள். அவள் விட்டது மூன்று மில்லிமீட்டர். முள் காட்டியது அரை மில்லிமீட்டர்.

சட்டத்தின் அடியில் கொஞ்சம் தூள் கிடந்தது. எங்கள் தகட்டைச் சுரண்டினால் வெள்ளை மாவுதான் வரும். இது சாம்பல் நிறத்தில் நறநறவென்று இருந்தது. கல்தூசி. அக்கா அதை விரலில் தேய்த்துப் பார்த்தாள். 

வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்த அம்மாவுக்கு அக்கா முன்பே போன் செய்திருந்தாள். புதிதாகச் செதுக்க நேரமில்லை. இப்படி ஆகிவிட்டால் எங்கள் தொழிலில் ஒரு திருட்டு வேலை உண்டு. பின்பக்கம் கறுப்பு நாடாவைப் பொட்டு மாதிரி வெட்டி ஒட்டிவிடுவோம். வெளிச்சம் வராது. இரண்டு கண்ணுக்கும் ஒட்டி, பின்மூடியைத் திருகாணி போட்டு இறுக்கினேன்.

புதன்கிழமை. அக்கா வெளியே போயிருந்தாள். கடையில் நான் மட்டும். ஒட்டியது நிற்கிறதா என்று பார்க்க இருட்டறைக்குள் போனேன். கதவைச் சாத்தி விளக்கைப் போட்டேன்.

மகனின் கண்கள் இருட்டு. அப்பாடா என்று இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு ஒன்பது.

அப்போது அந்தச் சத்தம்.

கர்... கர்...

எலி என்று நினைத்தேன். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். எதுவும் இல்லை.

கர்... கர்... கர்...

சத்தம் சட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

இடது கண்ணில் ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தது. கொஞ்சம் பெரிதானது. பிறகு வலது கண். சட்டத்தின் அடியிலிருந்து தூள் மெல்லச் சொரிந்தது.

 கையை நீட்டி, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன்.

விளக்கு அணைந்தது. படம் போய்விட்டது. கும்மிருட்டு.

இரண்டு புள்ளிகள் மட்டும் போகவில்லை...

அவை அணைந்தன. மறுபடி எரிந்தன. மறுபடி அணைந்தன...

இமைத்தன.

 கதவு எனக்குப் பின்னால் இருந்தது. திரும்ப முயன்றேன்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். தொண்டையில் கல் உருளுவதுபோல.

"அம்மா பார்க்கும்போது மட்டும்..."

காதுக்குப் பக்கத்தில். மூச்சே இல்லை. குரல் மட்டும்.

"ஒட்டிடறேன்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. "சரி... ஒட்டிடறேன்."

புள்ளிகள் அணைந்தன.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் அக்கா நின்றாள். "யார்கூட பேசிட்டிருக்க?" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சின்னக் குழந்தை மாதிரி அழுதேன். திருகாணிகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், நாடாப் பொட்டுகள் இரண்டும் உள்ளே கீழே விழுந்து கிடந்தன.

அப்படியே கொடுத்துவிடலாம் என்றாள் அக்கா. அந்த அம்மாவிடம் பொய் சொல்லக் கூடாதாம். நான் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று. புதிதாக இரண்டு பொட்டு வெட்டி ஒட்டினேன்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். மகனிடமிருந்து பதின்மூன்று நாளாகப் போன் இல்லையாம். மலைக்குள்ளே சிக்னல் கிடைக்காது என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். விளக்கைப் போட்டுக் காட்டினோம்.  அவர் கணவரைப் பார்க்கவில்லை. தன்னையும் பார்க்கவில்லை. கிட்டே போய் மகனின் கண்களை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றார். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

போட்டோவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம். உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தது அப்படியே இருந்தது.

சரியாக ஒரு வாரம். அடுத்த வியாழன், அந்த அம்மா படத்தோடு வந்தார். உள்ளங்கையை விரித்தார். இரண்டு கறுப்புப் பொட்டுகள்.

செவ்வாய்க்கிழமை நான்கு பத்துக்கு அவை தாமாக உதிர்ந்து, படத்துக்கு முன்னால் வந்து விழுந்தனவாம். நான்கு நாற்பதுக்குப் போன் வந்ததாம். சுரங்கத்தின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மகன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவன். ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்து யாரும் தேடவில்லை. மறந்துவிட்ட போட்டோவை எடுக்க மறுபடி உள்ளே போயிருக்கிறான். செவ்வாயன்றுதான் கல்லை அகற்றி எடுத்தார்கள்.

எப்போது சரிந்தது என்று அக்கா கேட்டாள். அவர் தேதியும் நேரமும் சொன்னார். மாலை நான்கு பத்து. விரல்விட்டு எண்ணினேன். மகன் எங்கள் கடைக்கு வந்த திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்னால்.

"இதை ஒட்டினது யாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான்தான் என்றேன்.

"யார் சொல்லி ஒட்டின?"

நான் இருட்டறைக் கதவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கல்லுக்கு அடியில் மகனின் சட்டைப் பையில் இருந்ததாம். கம்பெனிக்காரர்கள் கொடுத்தார்களாம். ஒரே ஒரு பிரதிதான், வேறு கிடையாது என்றார்.

அதே போட்டோ.

நான் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தேன். உறை ஒட்டியபடியே இருந்தது. கிழித்தேன். உள்ளே ஒரு சிட்டிகை கல்தூசி இருந்தது. வேறெதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது, அக்கா போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.  போட்டோ மேல் பென்சில் கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் நம்பர். அக்காவின் கையெழுத்து.