'சீப்' என்று ஆரம்பித்த அட்ரஸ்

கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஓட ஆரம்பித்தால் மேலே என் மானிட்டர் நடுங்கும். டம்ளர் டீயில் வட்டம் வட்டமாக அலை வரும். மிஷின் ஆயில் வாசனையும் புதுத் துணி வாசனையும் படியேறி வந்து கூடவே உட்கார்ந்துகொள்ளும்...

திருப்பூரில் என் முதல் வேலை அந்த மாடியில்தான். பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் குட்டி ஆபீஸ். எங்கள் சார், நான், அடிக்கடி ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்கள். அவ்வளவுதான்.

கஸ்டமர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்டாக் லாட் வியாபாரிகள். எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட செகண்ட்ஸை மொத்தமாக எடுத்து, கிலோ கணக்கில் விற்பவர்கள். தப்பில்லை, அதுவும் ஒரு தொழில்.

ஆனால் சரஸ்வதி அக்கா அந்த ரகமில்லை. ஊரை ஒட்டிய மண்ணரையில் கைக்குழந்தைகளுக்கு ஜப்லா தைக்கும் யூனிட் வைத்திருந்தார். பச்சைக் குழந்தையின் தோலில் உரசக்கூடாது என்று தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைப்பார். இது புரியாமல் சில கடைகளில், 'உள்பக்கம் வெளியே இருக்கிறது' என்று திருப்பி மடித்து அடுக்கிவிடுவார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதனால்தான் அவர் சைட்டில் ஒரு பிளாக் ஆரம்பித்தோம். அவர் பேசுவார், நான் எழுதுவேன். தையல் ஏன் வெளியே, புது ஜப்லாவை எப்படித் துவைப்பது, என்ன துணி வெயிலுக்கு ஆகும்... எழுதியது நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பதிவின் அட்ரஸ்தான் கண்ணராவி. சைட் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, ஒரு பி, ஒரு ஈக்குவல் டு, கடைசியில் ஒரு நம்பர்.

அக்கா அதைப் போனில் கடைக்காரர்களுக்குச் சொல்வதைக் கேட்க வேண்டுமே...

"கேள்விக்குறிங்க... ஆமாங்க, கேள்வி கேட்டா போடுவோமில்லீங்க, அதேதானுங்க... ஹலோ? ஹலோ?"

சரி, நம்பருக்குப் பதில் வார்த்தையிலேயே அட்ரஸ் வைக்கலாம், படிக்கிறவர்களுக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும் என்று சாரிடம் சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது. நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால்... எல்லா அட்ரஸும் 'சீப்' என்றே ஆரம்பிக்கிறது. சீப்-பேபி-க்ளோத்ஸ்-ஹோல்சேல்-திருப்பூர். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. தொப்புள் காயாத குழந்தைக்கு எப்படி உடுத்துவது என்ற பதிவுக்கும் அதே பேர்தான். ஸ்டாக் லாட்காரர்களுக்குப் போடுவதை அப்படியே இங்கேயும் ஒட்டிவிட்டார்.

அக்காவுக்குப் போன் வர ஆரம்பித்தது. "கிலோ என்ன ரேட்டுங்க?" என்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் காங்கேயத்தில் வருஷக்கணக்காக அவரிடம் வாங்கும் ஒரு கடைக்காரர் அந்த அட்ரஸைப் பார்த்துவிட்டார். தையல் வெளியே தெரிகிறது, அட்ரஸும் சீப் என்கிறது, அப்படியானால் இத்தனை நாள் நமக்கு வந்தது செகண்ட்ஸ்தான் என்று முடிவு கட்டி, ஆர்டரை நிறுத்திவிட்டார்.

அன்று அக்கா படியேறி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பீஸ் பீஸா பார்த்து அனுப்பி வாங்கின பேருங்க. ஒத்த வார்த்தைல செகண்ட்ஸாக்கிப் போட்டீங்களே?"

சார் அசரவில்லை. "ஏனுங்க, கூகுள்ல ஜனம் அப்படித்தானுங்க தேடுது. நாலு பேரு உள்ள வந்தாத்தானுங்க யாவாரம்."

"வர்றவங்க எடை போடச் சொல்றாங்க. நான் எதைங்க எடை போடறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், அக்கா சைட்டுங்க. அக்கா சொல்ற பேரைத்தான் வைக்கணுமுங்க."

"அப்ப நீ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்மா."

"நாளைக்கு வரலீங்க. இன்னைக்கு மாத்திட்டுத்தான் போவேனுங்க."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! வீட்டில் என்ன சொல்வது என்று அப்போது யோசிக்கவே இல்லை. சார் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பதிவாகத் திறந்து, "இது என்னத்தைப் பத்திங்க்கா?" என்று கேட்பேன். அவர் சொல்வதையே சின்னதாக்கி அட்ரஸாக வைப்பேன். குழந்தைக்கு-தையல்-வெளியே-ஏன். புது-ஜப்லா-துவைப்பது-எப்படி. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், நடுவில் சின்னக் கோடு போட்டு. யாராவது பழைய லிங்க்கைத் தட்டினாலும் புதியதற்கே வந்து சேரும்படி ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டேன்.

அங்கிருந்தே காங்கேயத்துக்குப் போன் போட்டார் அக்கா. இந்த முறை அட்ரஸை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் கடைக்காரர் டைப் அடித்துப் பதிவைத் திறந்து படித்தார். பிறகு அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"அட, இதுக்குத்தானுங்களா தையல் வெளிய? நாங்க திருப்பியில்ல மடிச்சு வச்சிருக்கறோம்!"

ஆர்டர் திரும்பி வந்தது. என் வேலை திரும்பி வரவில்லை. போகட்டும்.

இப்போது சொந்தமாக இதே தொழில்தான் செய்கிறேன். அக்கா சைட் இன்றும் என் கையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓர் அட்ரஸை வாயால் சொல்லி, எதிரில் இருப்பவர் டைப் அடிக்கும்வரை காத்திருப்போம். இப்போது கட்டைவிரலால் ஒரு தட்டு, ஃபார்வர்டு. போனும் பாதி அட்ரஸை மறைத்துவிடுகிறது. அந்தக் காத்திருப்பு போனதில் கொஞ்சம் வருத்தம்தான்...

போன மாதம் மார்க்கெட்டிங் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி அக்கா சைட்டைப் பற்றிப் பேச வந்தார். "இப்பல்லாம் அட்ரஸை யாருங்க்கா படிக்கறாங்க? முன்னால 'சீப்'னு ஒண்ணு சேர்த்து விட்டுருங்க, கூட்டம் அள்ளும்" என்றார்.

"நான் படிக்கறனுங்க தம்பி" என்றேன். "கூட்டம் வேற பக்கம் போனாப் போகட்டும். அந்த ஜப்லாவைப் போட்டுக்கற கொழந்தை எதுவும் சீப் இல்லீங்க."