ஆறாம் மைல் பாலத்தில் சைக்கிள்

திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறைப் பக்கம் போகும் சாலையில், ஆறாவது மைல் கல்லைத் தாண்டியதும் ஒரு பாலம் இருந்தது. நீளம் அறுபது அடி. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். சுவருக்கும் சுவருக்கும் நடுவே பன்னிரண்டு அடி. டேப் வைத்து நானே அளந்தது. இரண்டு முறை அளந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அதே சாலையில், பதினோராவது மைலில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு திண்டுக்கல் நாகல் நகரில். பஸ்ஸில் போகலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. பஸ் ஏறினால் எனக்கு நான்காவது மைலில் குமட்டும், ஆறாவது மைலில் வாந்தி வரும். ஆகவே சைக்கிள்தான். காலை எட்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பினால் ஒன்பது நாற்பத்தெட்டுக்கு அலுவலகத்தில் இருப்பேன். கிளம்பும் முன் டயர்களை இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பேன். வழியில் மூன்றாவது மைலில் நிறுத்தி இன்னொரு தடவை. பார்க்காத நாளில்தான் பஞ்சர் ஆகும் என்று ஒரு பயம்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு ஊரிலிருந்து ஒரு தனியார் பஸ் அதே சாலையில் கிளம்பும். அதுவும் நேரம் தவறாது, நானும் தவறமாட்டேன். அதனால் நாங்கள் இருவரும் நாள் தவறாமல் ஒன்பதேகாலுக்கு அந்தப் பாலத்தில் சந்தித்தோம்.

மற்ற இடங்களில் பஸ் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிடுவார்கள். யாரும் அதை ஒரு அவமானமாக நினைத்ததில்லை. மழைக்கு ஒதுங்குவது மாதிரி ஒதுங்கினார்கள். பாலத்தில் இறங்க மண் கிடையாது. பஸ்ஸின் அகலம் ஏழரை அடி. பஸ் ஸ்டாண்டில் அது நிற்கும்போது குடையால் அளந்துகொண்டேன். வலது சுவரை உரசாமலிருக்க டிரைவர் ஒன்றரை அடி விடுவார். மீதி மூன்றடி. என் ஹாண்டில்பார் இரண்டடி. மிச்சமிருக்கும் ஓரடியில் சுவர்ப் பக்கம் பாதி, பஸ் பக்கம் பாதி. அரை அடி என்பது ஒரு சாணுக்கு நான்கு விரல்கடை குறைவு. அவ்வளவு தூரத்தில் பஸ்ஸின் பின்சக்கரம் என்னைக் கடந்துபோகும். போகும்போது கண்டக்டர் படியில் நின்று தகரத்தைப் படபடவென்று தட்டி, "ஒதுங்கு, ஒதுங்கு" என்பார். ஒரு தடவை தகரத்துக்குப் பதில் என் முதுகில் தட்டினார். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள்.

சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தேன். அந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த முதல் ஆறு மாதத்தில் நாற்பத்தொரு தடவை இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறேன். நான்கு தடவை முழங்கை சுவரில் உரசி ரத்தம் வந்தது. பத்து நிமிஷம் முந்திக் கிளம்பு என்று வீட்டில் சொன்னார்கள். கிளம்பலாம்தான். நான் ஏன் கிளம்ப வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ஓரத்தில் மூன்றடி இடம் இருப்பதால்தான் பஸ் உள்ளே நுழைகிறது. நான் நடுவில் போனால் நுழைய இடமே இருக்காது. என்மேல் ஏற்றிக் கொல்லும் அளவுக்கு அந்த டிரைவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. இடம் கண்டால் நுழைகிறவர், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை பாலத்துக்கு அறுபது அடி முன்னாலேயே வலது கையை நீட்டிக் காட்டிவிட்டு நடுச்சாலைக்கு வந்தேன். பின்னால் ஹாரன் ஒரே இழுப்பாக அலறியது. திரும்பவில்லை. ஏழு சுற்று மிதி. பாலம் முடிந்ததும் இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். மொத்தம் ஒன்பது செகண்டு. கால் நடுக்கம் அடங்கத்தான் எட்டாவது மைல் வரை ஆயிற்று.

நான்காம் நாள் பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸை நிறுத்தினார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், ரோடு என்ன ஒன் மாமனார் வீட்டு வாசலா? நடுவுல ஊர்கோலம் போற?"

"ஒன்பது செகண்டுதான் ஆச்சு" என்றேன்.

"ஒம்பது செகண்டா? ஒன்னால தெனம் எனக்கு ஒரு நிமிசம் போகுதுய்யா. வண்டிய அமத்தி, கியர மாத்தி, மறுபடி எடுக்க வேணாமா? நீயா வந்து மொதலாளிகிட்ட பேச்சு வாங்குவ?"

அவர் திட்டியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு நிமிஷம் என்றாரே, அதுதான் உறுத்தியது. அப்படி இருக்க முடியாது. ஆனால் கியர் மாற்றும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பதும் உண்மை. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நான் பஸ்ஸுக்குள் இருந்தால் பாலத்தின் நடுவில் யார் போவது?

பேகம்பூர்க்காரர் ஒருவர் அதே சாலையில் வருவார். கேரியரில் பெரிய தகரப் பெட்டி. அதில் பன், ரஸ்க், வர்க்கி எல்லாம் வைத்துக் கிராமம் கிராமமாக விற்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாய் என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் பெட்டியின் அகலம் இரண்டே முக்கால் அடி என்பதால் பாலம் வந்தாலே இறங்கி, பஸ் போகும் வரை இந்தப் பக்கமே நின்றுவிடுவார். அவரிடம் யோசனையைச் சொன்னேன்.

"நான் நடுவுல போகணும், நீங்க வண்டிக்குள்ள ஒக்காந்து மணி பாப்பீங்க" என்றார் பாய். "நல்லா இருக்கு சார் ஒங்க ஆபீஸு."

"ஒரே ஒரு நாள் பாய். அவர் நிறுத்துவார். நாலு நாளா எனக்கு நிறுத்துறார்ல."

"ஒங்களப் பாத்தா கவர்மெண்டு ஆளு. என்னையப் பாத்தா ரொட்டிக்காரன்." பிறகு, "சரி, எத்தன நாளைக்குத்தான் எறங்கி எறங்கி நிக்கிறது. போறேன்" என்றார்.

மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். நான்காவது மைலில் சொன்னபடி குமட்ட ஆரம்பித்தது. ஆறாவது மைல் கல் தெரிந்ததும் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். முன்னால் பாய் போய்க்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டினார், நடுவுக்கு வந்தார்.

டிரைவர் ஹாரனை அழுத்தினார். விடவே இல்லை. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து கேட்கும்போது அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. பாய் பாலத்தில் பாதி போய்விட்டார். அப்புறம் திரும்பிப் பார்த்தார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் சொல்ல மறந்திருந்தேன். திரும்பிப் பார்த்தவுடன் ஹாண்டில் இடது பக்கம் போனது, வலப்பக்கம் இடம் விழுந்தது, பஸ் நுழைந்தது. தகரம் தகரத்தில் உரசும் சத்தம் கேட்டது. இடப்பக்க ஜன்னலில் பாயின் தொப்பி தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

எத்தனை செகண்டு என்று எனக்குத் தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க, ஆள் விழுந்துட்டார்" என்று எழுந்தேன்.

"அவனா சாஞ்சான், அவனா எந்திரிப்பான்" என்றார் டிரைவர். பஸ் போய்க்கொண்டே இருந்தது.

கண்டக்டரிடம் விசில் ஊதச் சொன்னேன். "ஒக்காருங்க சார், லேட்டு" என்றார். பக்கத்திலிருந்த ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எனக்குக் கோர்ட்டுல வாய்தா இருக்கு. ஒக்காருங்கய்யா."

வயிற்றிலிருந்து மேலே வந்துகொண்டிருந்ததை நான் வீணாக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "வாந்தி வருது" என்றேன்.

விசில் உடனே ஒலித்தது. பஸ்ஸும் உடனே நின்றது. "வெளிய போயி எடுங்க, வெளிய போயி எடுங்க" என்று கண்டக்டர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

இறங்கினேன். வாந்தி எடுக்கவில்லை. பஸ்ஸின் முன்னால் போய் நடுச்சாலையில் நின்றுகொண்டேன்.

டிரைவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. "வெலகு சார்."

"நீங்க எறங்கி வந்து பாருங்க. பாத்துட்டு எடுங்க."

"ஏத்திருவேன்."

"ஏத்துங்க."

உள்ளே முப்பத்தேழு பேரும் கத்தினார்கள். என்னைத்தான் திட்டினார்கள். வாய்தாக்காரர் என் பரம்பரையையே இழுத்தார். இருந்தாலும் நின்றேன். கடைசியில் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் இறங்கினார். "எவன் எந்திரிச்சான், எவன் கெடக்கான்னு பாத்துட்டுத்தான் வருவமே. இம்புட்டு நேரம் கத்துனதுக்குப் போயிட்டே வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாலத்தைப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் இறங்கினார்கள். ஆள் இல்லாத பஸ்ஸை எடுத்து என்ன செய்வது? டிரைவரும் இறங்கினார். நானும் அவரும் இருநூற்றுப் பத்து எட்டு நடந்தோம்.

பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றிருந்தது. பெட்டி சுவரைத் தாண்டிக் காய்ந்த ஓடையில் விழுந்து கிடந்தது, மணலெல்லாம் ரஸ்க். கூடைக்கார அம்மாள் தன் முந்தானையைக் கிழித்து அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

டிரைவர் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவரில் ரத்தம் ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட்டிருந்தது. ஓடையில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். "நீ நேரா போயிருந்தா நிப்பாட்டியிருப்பேன் பாய்" என்றார். பொய்யா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை.

பாய் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "மணி பாத்தீங்களா சார்?" என்றார்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

அன்று அலுவலகத்துக்கு ஐம்பது நிமிஷம் தாமதமாகப் போனேன். என் பதினொரு வருஷ வேலையில் அது முதல் தாமதம். மறுநாள் வழக்கம்போல எட்டு முப்பத்தைந்துக்குச் சைக்கிளை எடுத்தேன். பாலத்தில் நடுவில்தான் போனேன். ஹாரன் அலறியது. அடுத்த மூன்று நாளும் அப்படியே. பாய் பெட்டியைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு மறுபடி வியாபாரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் என்னோடு பேசவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி, கட்டுப் போட்ட கையோடு நிற்பார். நான் தனியாகத் தாண்டுவேன். அவரை அப்படி நிற்க வைத்தது பஸ்தான் என்று முன்பு என்னால் சொல்ல முடிந்தது. இப்போது பாதி நான்.

ஐந்தாம் நாள் காலை நின்றுகொண்டிருந்தவர் என்னைக் கை காட்டி நிறுத்தினார்.

"நான் முன்னால போறேன். நீங்க எனக்குப் பின்னால வாங்க" என்றார். "வண்டிக்குள்ள இல்ல. எனக்குப் பின்னால."

"திரும்பிப் பாக்காதீங்க பாய். அன்னைக்கி அதைச் சொல்லாம விட்டது என் தப்பு."

"பின்னால நீங்க இருக்கையில நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க பாத்துக்கங்க."

ஏறினோம். எனக்கு முன்னால் ஆறடியில் அந்தப் பெட்டி, அதன் ஒடுங்கிய பக்கம் வெயிலில் பளபளத்தது. பின்னால் பஸ் வந்தது. ஹாரன் ஆரம்பித்தது. என்ஜின் சூடு என் பிடரியில் பட்டது. பாயின் வலது தோள் லேசாக அசைந்தது. திரும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"நேரா" என்றேன்.

தோள் திரும்பவில்லை. என் தலையும் திரும்பவில்லை. பின்னால் கியர் மாறும் சத்தம் கரகரவென்று கேட்டது. ஹாரன் நின்றுவிட்டது.

பாலம் முடிந்ததும் இருவரும் இடது பக்கம் ஒதுங்கினோம். பஸ் எங்களைக் கடந்தது, மூன்றடி தள்ளி. டிரைவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு போனார். படியில் நின்ற கண்டக்டர்தான் சும்மா போகவில்லை.

"என்ன பாய், ரோட்ட எழுதி வாங்கிட்டீகளோ?"

"பாலம் மட்டுந்தான் மாப்ள" என்றார் பாய். "மிச்சத்த நீயே வச்சுக்க."

மறுநாளும் நடுவில்தான் போனோம். அதற்கடுத்த நாளும்.