டைட்டஸ் எடுத்த லீவு

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் டைட்டஸைத் தெரியாதவர்கள் குறைவு. பெங்களூரில் ஓர் அச்சகத்தில் வேலை. விடியற்காலை ரயிலில் ஏறினால், பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டியில் ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் அவர் தலைமையில் முடிந்திருக்கும். யாருக்கு என்ன கஷ்டமென்றாலும் அதற்கேற்ற வசனம் ஒன்று அவர் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். “டைட்டஸ் அண்ணன் வாயத் தொறந்தா சர்ச் மணி அடிச்ச மாதிரி” என்று சம்பங்கி கிண்டல் செய்வாள். அவள் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் வருஷக்கணக்காக அதே பெட்டி, அதே கூட்டம்.

எல்வின் அவருடைய சின்ன வயதுச் சிநேகிதர். சுரங்கத் தொழிலாளர்களின் ஒரே லைன் வீடுகளில் பிறந்து, ஒரே சண்டே ஸ்கூலில் படித்தவர்கள். அதே ரயிலில் வந்து, ஒயிட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ஒயிட்ஃபீல்ட் வந்தும் எல்வின் இறங்கவில்லை. “இன்னைக்கு சிட்டில கம்பெனி வேல” என்றார். மறுநாளும் அதே பதில். பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இருவரும் இறங்கினார்கள். படியேறிப்போன டைட்டஸ் மேம்பாலத்திலிருந்து தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் கலைந்த பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எல்வின் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகிற ஆள் உட்காருகிற விதம் இல்லை அது.

அன்று அச்சகத்தில் டைட்டஸுக்கு வேலை ஓடவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று ஒவ்வொரு வசனமாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் நல்ல வசனங்கள்தான். அந்த பெஞ்சை நினைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை.

மறுநாள் அவர் படியேறவில்லை. நேராகப் போய் எல்வின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னாடா, வேலைக்குப் போவல?” எல்வின் திடுக்கிட்டுக் கேட்டார்.

“லீவு போட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“நீ இங்க தனியா குந்திக்கினு இருக்கியே, அதுக்குத்தான்.”

எல்வின் சாப்பாட்டுப் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். தொழிற்சாலையை ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள். வயதானவர்களை நிறுத்திவிட்டார்கள்.

“வீட்ல ஐடாகிட்ட இன்னும் சொல்லல. வேல இல்லாதவங்களுக்காக ரயில்ல தெனம் ஜெபம் பண்றியே, அப்பகூட எம் பேரச் சொல்ல வாய் வரலடா. ஆமென் மட்டும் சத்தமா சொன்னேன்.”

அந்த ஆமென் டைட்டஸ் காதில் விழாமல் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஜெபத்தை ஆரம்பித்திருப்பார். அன்று எல்வின் தோளில் கையைப் போட்டபடி சும்மா இருந்தார். மத்தியானம் இரண்டு டப்பாவையும் திறந்து, புளிச்சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். சண்டே ஸ்கூலில் வாங்கிய அடிகளைப் பற்றிப் பேசி ஒருமுறை சிரிக்கவும் செய்தார்கள்.

“ஐடாகிட்ட நீ சொல்லிடறியா?” என்று கேட்டார் எல்வின்.

“மாட்டேன். நீதான் சொல்லணும். நான் கூட நிக்கறேன்.”

சாயங்காலம் எல்வின் வீட்டில் அப்படியே கூட நின்றார். எல்வின் மனைவியின் முன்னால் தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தார். ஐடா அழவில்லை.

“தெரியும். ஆயில் கறையே இல்லாத சட்டையத் தொவைக்கிறேனே, எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.” பிறகு டைட்டஸைப் பார்த்து, “அண்ணா, டீ குடிச்சிட்டுப் போங்க” என்று உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எல்வின் எழுந்து உள்ளே போனார். டைட்டஸ் டீக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் ரயிலில் ஜெபம் தொடங்குமுன், “வேல இல்லாதவங்கள்ல என் பேரையும் சேத்துக்கோங்க” என்றார் எல்வின். சம்பங்கிதான் முதலில் பேசினாள்.

“இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாண்ணா? நான் வேல செய்ற அபார்ட்மெண்ட்ல மோட்டார் பாக்க ஆள் தேடிக்கினு இருக்காங்க.”

அது உடனே கூடிவரவில்லை. சில வாரங்கள் அலைய வேண்டியிருந்தது. கிடைத்தபோதும் சம்பளம் பழையதைவிடக் குறைச்சல். ஐடா பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடைக்குப் போக ஆரம்பித்தாள்.

எல்வினுக்கு இப்போது ஷிப்ட் வேலை, காலை ரயிலில் வருவதில்லை. டைட்டஸுக்கு அது ஒரு குறைதான். இப்போதும் அவர்தான் ஜெபம் செய்கிறார். ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் எதிரில் இருக்கும் முகங்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்கிறார்.