மலை சுற்ற வந்தவர்களின் கழிவறை

பெண் குழந்தைக்குக் கழிவறைப் பழக்கத்தையெல்லாம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, இரண்டு வயது முடிவதற்குள் அதுவே சொல்லத் தொடங்கிவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். என் கணவர் நம்பினார்; எங்களோடு வசித்த அவருடைய அக்கா இன்னும் உறுதியாக நம்பினார். நான் படித்த குழந்தை வளர்ப்பு நூல்கள் வேறு விதமாகச் சொன்னபோதும், அந்த நம்பிக்கை எனக்கும் வசதியாகவே இருந்தது.

மகளுக்கு இரண்டரை வயதானது. அவள் சொல்லவில்லை. ஜூன் மாதம் நான் கல்லூரிக்குத் திரும்பியாக வேண்டும். விடுப்பை இனி நீட்ட முடியாது என்று துறைத்தலைவர் கனிவாகவே தெரிவித்துவிட்டார். வேங்கிக்காலில் நாங்கள் பார்த்துவைத்திருந்த மழலையர் பள்ளியோ டயப்பர் கட்டிய குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. முழங்கால் வலியோடு நடமாடும் அக்காவிடம், ஓடித் திரிகிற குழந்தையை நாள் முழுவதும் விட்டுச் செல்வது நியாயமாகாது. ஆக, நான் வேலையில் நீடிப்பது அந்தச் சிறு பெண்ணின் சம்மதத்தைப் பொறுத்ததாயிற்று.

மஞ்சள் நிறத்தில் குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வாங்கினேன். அவள் அதில் கரடி பொம்மையை உட்காரவைத்து இட்லி ஊட்டினாள். தன் காரியத்தைப் படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடி முடித்துக்கொண்டாள். கழிவறைக்குத் தூக்கிச் சென்றால் உடம்பை விறைத்துக்கொண்டு, “அது எனக்கு இல்ல” என்றாள்.

“யாருக்குன்னுதான் சொல்லேன்” என்றார் அக்கா. அவள் திமிறி இறங்கித் திரைச்சீலைக்குப் பின்னால் ஓடினாள்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. கழிவறை வீட்டுக்குப் பக்கவாட்டில் தனியாக உள்ளது. பௌர்ணமிதோறும் மலை சுற்றும் பெண்கள் கேட்டருகே நின்று தயக்கத்தோடு கேட்பார்கள். அக்கா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிவைத்து, “வாங்கம்மா, சுவிட்ச் வெளியில இருக்குது” என்று வழிகாட்டுவார். அந்தக் கூட்டத்தில் குழந்தை குறுக்கே ஓடும்போதெல்லாம் நாங்கள் மாறி மாறி அவளைப் பிடித்திழுத்து, “அங்க போவக்கூடாது கண்ணு, அது மலை சுத்த வந்தவங்க போற எடம்” என்று சொல்லிவந்தோம். அவள் அதைக் கேட்டுக்கொண்டது எங்களுக்குத் தெரியவில்லை.

மே மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் கரடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள். செருப்பில்லாமல், தலையைக் குனிந்து, வேகம் கூட்டாமல் முழுச் சுற்றும் வந்தாள். பிறகு கேட்டுக்கு வெளியே போய் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள்.

“அம்மா, பாத்ரூம் போய்க்கலாமாம்மா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட விரைவாக விஷயம் புரிந்தது. மலையைச் சுற்றாத தனக்கு அந்த இடத்தில் உரிமையில்லை என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அக்கா சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி எழுந்து கேட்டைத் திறந்தார்.

“வாங்கம்மா. எந்த ஊர்லருந்து வரீங்க?”

“பெங்களூரு.”

“அவ்ளோ தூரத்துலருந்தா? கால் வலிக்கலையா?”

“ஜாஸ்தி வலிக்குது.”

“செரி, மொதல்ல போய்ட்டு வாங்க. கரடிய நான் வெச்சிக்கிறேன்.”

அன்று அவள் தானே போய் உட்கார்ந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் வீட்டைச் சுற்றிவிட்டுத்தான் வந்தாள். அவசரம் மிகும்போது வழியிலேயே நனைந்துவிடும். “உள்ளூர்க்காரங்க சுத்தாமலே போலாம்மா” என்று அக்கா சலுகை அளித்துப் பார்த்தார், அவள் இணங்கவில்லை. என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவளோடு சேர்ந்து நடந்து, சுற்றை நாளுக்கு நாள் குறுக்கினார். வீட்டைச் சுற்றியது ஸ்கூட்டரைச் சுற்றுவதாயிற்று. கடைசியில் கோயிலில் செய்வதுபோல் நின்ற இடத்திலேயே ஒரு முறை சுற்றிக்கொண்டால் போதும் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

பள்ளியில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. “வகுப்பில் திடீரென்று சுற்றினால் அழைத்துப் போங்கள்” என்று ஆசிரியையிடம் சொன்னேன்.

“இதுக்கென்னங்க மேடம், ஒரு பையன் காதைப் பிடிச்சிப்பான். ஒண்ணொண்ணும் ஒரு விதம்” என்றார் அவர்.

முதல் நாள் மதியம் அவளை அழைக்கப் போனபோது, காலையில் போட்டுவிட்ட அதே கவுனோடு வந்தாள். மறுநாள் நான் கல்லூரியில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்து கையெழுத்திட்டேன்.

அடுத்த ஆண்டு கணவருக்குச் செய்யாற்றுக்கு மாற்றல் வந்தது. மகளின் சம்மதத்தால் நிலைத்த வேலை எனக்கு இங்கே இருந்ததால் குடும்பத்தோடு பெயரவில்லை. அவர் மட்டும் போனார், சனிக்கிழமைகளில் வருகிறார். அக்காவை அவர் மகன் ஓசூருக்கு அழைத்துக்கொண்டார். வாரநாட்களில் இந்த வீட்டில் இப்போது நானும் என் மகளும் இருக்கிறோம்.