மே மாதத்தில் வெட்டிய குழி

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்ததால் அந்த நேரம் மனதில் தங்கிவிட்டது. மூன்று நாளாக விடாத மழை. கொல்லையில் இருந்த கக்கூஸிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, தண்ணி உள்ள போகல. மேல வருது."

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கணுக்கால்வரை அந்தத் தண்ணீரில் நின்றாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். தப்பு என்னுடையது. அது ஆறு மாதத்துக்கு முன்பே நடந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அதற்கு முன் மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். அங்கே சரளை கலந்த செம்மண். ராத்திரி எவ்வளவு கொட்டினாலும் காலையில் செருப்பில் சேறு ஒட்டாது. சொந்த வீடு கட்ட நாங்கள் வாங்கிய மனை சிட்லபாக்கத்தில், ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. களிமண். மே மாத வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டுவரை போயிற்று.

செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீர் மண்ணுக்குள் இறங்க, பக்கத்தில் ஒரு குழி வேண்டும். மண் தண்ணீரை இழுக்குமா என்று பார்க்கக் கொத்தனார் குழி வெட்டி நான்கு குடம் ஊற்றினார். எதைத் தொடங்கினாலும் ஜெபித்துவிட்டுத் தொடங்குவது எங்கள் வழக்கம். என் கணவர் குழியோரம் நின்று ஜெபித்தார். கொஞ்சம் நீளமாகத்தான் ஜெபிப்பார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் குழியில் தண்ணீர் இல்லை.

"இன்னாமா குடிக்குது பாருங்க டீச்சர்!" என்று கொத்தனார் சிரித்தார். "சார் இன்னும் ரெண்டு ஜெபம் பண்ணா ஏரியே காலி."

என் கணவர் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பதில் வந்துவிட்டது என்றார். களிமண் தண்ணீரை உள்ளே விடாது என்று வருடா வருடம் ஆறாம் வகுப்புக்குக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டுகிறவள் நான். குடித்தது மண் அல்ல, வெடிப்பு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவும் செய்தது என்றுதான் நினைக்கிறேன். ஜெபத்துக்குக் கிடைத்த பதிலைச் சந்தேகப்பட்டுப் பேச வாய் வரவில்லை.

மழையில் களி உப்பி வெடிப்புகளை அடைத்துக்கொண்டது. குழி நிரம்பியது, டேங்க் நிரம்பியது, பிறகு கக்கூஸ் வழியே கொல்லைக்கு வந்தது. சுவரோரம் நட்ட செம்பருத்தி வேர் அழுகிச் சாய்ந்தது. ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஒரு விரிசல் ஓடியது. அதையெல்லாம் மழை விட்டதும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். கிணறு பதினைந்து தப்படி தள்ளி இருந்தது. அப்போது மட்டும் எனக்குப் பாடப்புத்தகம் ஞாபகம் வந்தது. களிதான் தண்ணீரை விடாதே, கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியமாக இருந்தேன். கொல்லையில் தேங்கியது கிணற்று உறைகளின் இடுக்கு வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சினேன். மகள் வாய் கொப்பளிக்கும் தண்ணீரைக் காய்ச்சவில்லை.

நான்காவது வாரம் அவள் கண்கள் மஞ்சளாயின. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் என்னை அடையாளம் தெரியாமல் "டீச்சர்" என்று கூப்பிட்டாள்.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ஈரல் ரொம்ப வீக்கா இருக்கும்மா. இன்னொரு தடவை வந்தா தாங்கமாட்டா. குழிய வேற இடத்துக்கு மாத்துங்க. முடியலன்னா அந்த வீடு வேண்டாம்" என்றார். கூடுவாஞ்சேரியில் என் அக்கா வீட்டில் அவளை விட்டோம். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து பார்க்கப் போனால் ஒரே கேள்விதான். "என் கட்டில ஜன்னல் பக்கம் போட்டாச்சா?" போட்டிருந்தேன். போர்வைகூட விரித்து வைத்திருந்தேன்.

கிணற்றுக்கும் குழிக்கும் உறை இறக்குகிறவருக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினோம். பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை கடப்பாரையோடு வந்தார். மனையின் நான்கு மூலையிலும் குத்தினார். ஒவ்வொரு தடவையும் நுனியில் ஒட்டிய சாம்பல்நிறக் களியை விரலால் வழித்து என்னிடம் காட்டினார்.

"இன்னும் ஆழமா போனா மணல் வராதாங்க?" என்று கேட்டேன்.

"எங்க குத்துனாலும் இதான் கீது. இது ஏரி டீச்சர். வத்திக் கெடக்கசொல்லோ பாத்து வாங்கிகினீங்க." கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டார். திறந்திருந்த ஜன்னல் வழியே அந்தக் கட்டிலை ஒரு நிமிடம் பார்த்தார். "கொயந்தைய இங்க இட்டுகினு வராதீங்க."