அடிபட்டவருக்கு ஒரு சோடா

பிள்ளைகளே, யாராவது அடிபட்டு விழுந்தால் ஓடிப்போய் சோடா வாங்கி வராதீர்கள். எத்தனை தடவை சொன்னாலும் நம் ஊர்க்காரர்கள் கேட்பதாக இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி நடந்தது. மலைக்காட்டுக்கும் ரயில் போகாத தாலுகாக்களுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே கட்டுத்துணிகூடக் கிடைக்காது. கையில் அகப்பட்டதை வைத்து உயிரைக் காப்பாற்று என்பதுதான் பாடம். நான் அங்கே எடுபிடி. அடிபட்டவனாகப் படுத்துக் காட்டுவதும் என் வேலைதான்.

ஒருநாள் மத்தியானம் வாசலிலேயே ஒரு ஜட்கா கவிழ்ந்தது. ஓட்டி வந்த ராயப்பேட்டை பாய்க்குத் தொடையெலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ஒரு டாக்டர் ஓடினார், பின்னாலேயே நான். அதற்குள் கூட்டம்.

"தூக்கி ஒக்கார வெய்யிப்பா பாயை!"

"சோடா இன்னா ஆச்சு? மயங்கிக்கினு கீறாரு!"

"வாயில ஒரு சொட்டு கூடாது! மயக்க மருந்து குடுக்கும்போது வாந்தி வந்தா மூச்சடைச்சுப் போயிடும்!" என்று டாக்டர் கத்தினார். யார் கேட்டார்கள்?

"தாகத்துக்குக் கேக்குறாரு, வாணாம்ன்றியே, நீயெல்லாம் ஒரு டாக்டரா நைனா?" என்று ஒரு பூக்காரி அவரைக் கிழித்தாள்.

டாக்டர் அவளிடமே போனார். "அம்மா, இங்க உங்க பேச்சத்தான் எல்லாரும் கேப்பாங்க. இவரு தலைய ஆடாம புடிச்சுக்குங்க, யாரையும் கிட்ட விடாதீங்க."

அவ்வளவுதான். "தள்ளிப் போங்கடா! சோடாவாம் சோடா!" என்று அவளே விரட்ட ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் காயத்தைத் துணியால் அழுத்தி, கூட்டத்தில் ஒருவர் குடையை வாங்கிக் காலுக்கு அணைகொடுத்து, என் மேல்துண்டைக் கிழித்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினோம்.

கைவண்டியில் படுக்க வைத்து, ஆஸ்பத்திரி வாசல்வரை பாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் கொண்டு சேர்த்தோம். டாக்டர் உள்ளே ஆள் கூப்பிடப் போனார். வண்டி உருளாமல் இருக்க நான் சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால், சேதி கேட்டு ஓடிவந்த பாயின் மச்சான் கையில் காலி சோடா பாட்டில்!

"முழுசா குடிச்சிட்டாரு நைனா!" என்று சந்தோஷமாக வேறு சொன்னான்.

உடனே நடக்கவேண்டிய ஆபரேஷன் சாயங்காலத்துக்குப் போயிற்று. அதுவரை பாய் வலியில் அரற்றிக்கொண்டே கிடந்தார். எப்படியோ கால் தப்பியது. ஆனால் அந்த மச்சான் இருக்கிறானே, காலைக் காப்பாற்றியதே தன் சோடாதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவர்களும் தலையை ஆட்டினார்கள்.